வாய்ச்சாலகம்

தில்லையடி முகாம்,
புத்தளம்.
09.06.2002

அன்பின் லோறன்ஸ் அண்ணனுக்கு,

என் கையெழுத்தைக் கண்டு யோசிப்பீர்கள். பன்னிரண்டு வருடமாகக் கடிதப் போக்குவரத்து உங்களுக்கும் வாப்பாவுக்கும் மட்டும்தான். 'சனூனும் சுகம் கேட்கிறான்' என்று கடைசி வரியில் வருகிற ஆள் நான். இப்போது ஒரு வேலை விஷயமாக நேரே எழுதுகிறேன்.

முகாம் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். வகுப்பு இடாப்பில் எல்லோருக்கும் சொந்த இடம் மன்னார் என்று இருக்கிறது. ஒருவரும் மன்னாரைக் கண்டதில்லை, எல்லோரும் இங்கே பிறந்தவர்கள். அவர்களுடைய பேச்சும் இந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. ஆகவே எங்கள் கரைச் சொற்களை ஒரு கொப்பியில் சேர்க்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம், ஓர் உதாரண வசனம். இதுவரை இருநூற்றுப் பதினாறு சொற்கள் சேர்ந்திருக்கின்றன.

ஒரு சொல் மட்டும் இடறுகிறது: வாய்ச்சாலகம். நான் எழுதிய அர்த்தம் இது: 'பிறரை ஏமாற்றித் தன் வழிக்குக் கொண்டுவரும் இனிப்பான பேச்சு.' வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இது பிழை. லோறன்ஸிட்டக் கேள்" என்றார். என்ன பிழை என்று சொல்லவில்லை. கடற்கரையில் மீனை ஏலம் கூறி விற்றவர் என்பதால் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார். உங்களுக்கு நேரமிருந்தால் அர்த்தத்தையும் ஒரு வசனத்தையும் எழுதி அனுப்புங்கள்.

இன்னொரு விஷயம். முகாமில் இருப்பவர்களுக்கு இங்கேயே பத்துப் பேர்ச் காணியும் கல்வீடும் கொடுக்கும் திட்டம் ஒன்று வந்திருக்கிறது. ஆகஸ்ட் முப்பத்தோராம் திகதிக்குள் குடும்பத் தலைவர் படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். பங்கீட்டு அட்டை வாப்பாவின் பெயரில் இருக்கிறது. அவர் வைக்கமாட்டேன் என்கிறார். "எனக்குத் தலைமன்னாரில வீடு இருக்கு. வீடு இருக்கிறவனுக்கு என்னத்துக்குக் காணி" என்று கேட்கிறார். இதை உங்கள் காதில் போட்டு வைக்கிறேன்.

மதலேனா அக்காவைச் சுகம் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஜ. சனூன்

*

தலைமன்னார்.
21.06.2002

தம்பி சனூன் மாஸ்டருக்கு,

உம்முடைய கடித உறையைப் பார்த்துவிட்டு மதலேனா பயந்துபோனா. என் மனுசிக்கு வடிவான எழுத்து என்றால் அது அரசாங்கக் கந்தோரில் இருந்து வந்ததுதான், கந்தோரில் இருந்து வந்தால் அது கரைச்சல்தான். பிரித்து வாசித்த பிறகே தேத்தண்ணி ஊற்றினா.

முதலில் அந்த 'ஏமாற்றி' என்ற சொல்லை வெட்டும். மாஸ்டர்மாரிடம் சிவப்புப் பேனை இருக்கும்தானே, அதால் வெட்டும். ஏமாற்றுவதற்கு எங்களிடம் வேறு சொல் இருக்கிறது, பேய்க்காட்டுவது. சும்மா பேசிக்கொண்டு இருப்பதற்கும் சொல் இருக்கிறது, அலட்டுவது. வாய்ச்சாலகம் இரண்டும் இல்லை. பேய்க்காட்டினால் ஆள் அடுத்த நாள் கரைப்பக்கம் தலை காட்டமாட்டான். வாய்ச்சாலகத்துக்கு ஆள் திரும்பி வருவான். நாளைக்கும் வந்து என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

நான் மீன் கூறுவதை நீர் சின்ன வயதில் பார்த்திருப்பீர். பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் முழுக்கக் கேட்டிருக்கமாட்டீர். வள்ளம் வந்ததும் மீனை மணலில் குவிப்பார்கள். நான் நடுவில் நின்று விலை கூறுவேன், சுற்றிவர வியாபாரிகள் நிற்பார்கள். ஓர் அறக்குளாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொடங்குவேன்: "இந்த அறக்குளா விடியக்காலமை ராமேஸ்வரத்தில பால் குடிச்சுப்போட்டு எங்கட கரைக்கு வந்தது. இதக் கறி வைச்சா, பத்து வருசம் கதையாத பக்கத்து வீட்டுக்காரனும் கோப்பையோட வேலிக்கு மேலால எட்டிப் பாப்பான்." மீன் பால் குடிக்காது என்று நிற்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் சிரித்துக்கொண்டு ஒருவன் கையைத் தூக்குவான். அதுதான் தம்பி வாய்ச்சாலகம். அதில் எவன் ஏமாந்தான்?

அதற்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. அதையும் கொப்பியில் எழுதும். வாங்க வந்தவன் "செவுளைக் காட்டு" என்று சொல்லிவிட்டால் கூறுகிறவன் வாயை மூடிவிட வேண்டும். மூடிக்கொண்டு பெருவிரலால் மீனின் செவுளைத் தூக்கிக் காட்டவேண்டும். சிவப்போ கறுப்போ, அது என்ன நிறமோ அதுதான் பதில். அவன் "சரி" என்று சொல்லும்வரைக்கும் ஒரு சொல் பேசக்கூடாது. பேசினால் அன்றைக்குக் கரையில் உமக்கு வேலை இல்லை. என் தகப்பன் காலத்துக்கு முந்தியிருந்தே அப்படித்தான்.

உம்முடைய வாப்பா இருக்கிறாரே, ஜமால் நானா, முப்பது வருடத்தில் ஒரு குவியலைக்கூடச் செவுள் பார்க்காமல் வாங்கியதில்லை. நான் வாயைத் திறந்து பாதி போகுமுன் "செவுளைக் காட்டு லோறன்ஸ்" என்பார். வாங்கி முடிந்ததும் "குனி" என்பார். லொறிக்காரனுக்குக் கொடுக்கும் கணக்குத் துண்டை என் முதுகில் வைத்துத்தான் எழுதுவார். அந்தக் கரையில் அவருக்கு மேசை என் முதுகு. பேனை குத்தினால் கத்துவேன், சிரிப்பார்.

உதாரண வசனத்துக்கு அவர் சொன்னதையே எழுதும்: 'லோறன்சின்ர வாய்ச்சாலகத்தில நாறின மீனும் நீந்தும்.'

காணி விஷயம் வாசித்தேன். நானாவின் குணம் உமக்குத் தெரியாததா. கொஞ்சம் ஆறவிட்டுக் கேளும். இங்கே சோளகக் காற்றுப் பிடித்துவிட்டது, மீனும் குறைவு.

உம்முடைய அண்ணன்,
லோறன்ஸ்

*

தில்லையடி முகாம்,
புத்தளம்.
02.07.2002

அன்பின் லோறன்ஸ் அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. செவுள் பற்றிய கட்டுப்பாட்டைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். 'ஏமாற்றி' என்ற சொல்லை வெட்டவில்லை. வெட்டாததற்குக் காரணம் எழுதுகிறேன்.

என்னிடமும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1990 ஒக்டோபர். முஸ்லிம்கள் எல்லோரும் மன்னார்த் தீவை விட்டுப் போய்விட வேண்டும் என்று இயக்கக்காரர் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் மூன்று நாளாகக் கடற்கரையில் இருக்கிறோம், மழை பெய்கிறது. வள்ளம் வந்தபோது உம்மா ஏறமாட்டேன் என்று ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். வாப்பா கூப்பிட்டார், நான் கூப்பிட்டேன், தங்கச்சி றஹீமா அழுதாள். உம்மா அசையவில்லை. நீங்கள் அப்போது வந்தீர்கள். குந்தி இருந்து உம்மாவிடம் சொன்னீர்கள்:

"ராத்தா, ரெண்டு கிழமை. கூடிப்போனா மூண்டு. நான் பெரிய ஆக்களோட கதைச்சிட்டன். உங்கட வீட்டுக்கு நான் பொறுப்பு. முருங்கைக்குத் தண்ணி விடுறன். கிணத்தை மூடி வைக்கிறன். நீங்க வந்து குடிக்கேக்க இப்ப இனிக்கிற மாதிரியே இனிக்கும்."

உம்மா எழும்பி வள்ளத்தில் ஏறினார். எனக்கு அப்போது முப்பது வயது. நானும் நம்பினேன்.

அந்த இரண்டு கிழமை இன்னும் முடியவில்லை. ஐந்து தடவை கூரைக்குக் கிடுகு மாற்றியிருக்கிறோம். ஒவ்வொரு மாரிக்கும் தரைக்குச் சீமெந்து போடுவோம் என்று கேட்டேன். "போற ஆக்களுக்குச் சீமெந்து ஏன்" என்பார் வாப்பா. என் நாலு பிள்ளைகளும் மண்தரையில் தவழ்ந்தவர்கள். மூன்றாவது பிள்ளைக்கு மூச்சு இழுப்பு. ஈரம்தான் காரணம் என்று டாக்குத்தர் சொல்கிறார்.

இதற்குள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உங்கள் கடிதம் வரும். கிணற்றுத் தண்ணீர் கற்கண்டாக இனிக்கிறது, முருங்கை பூத்திருக்கிறது, இரண்டு ஓடு மாற்றினேன். வெள்ளிக்கிழமைகளில் வாப்பா அதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார். உம்மா மௌத்தாகி இரண்டு வருடம். வாப்பா இன்னும் அந்தக் கடிதங்களைப் பிஸ்கட் தகரத்தில் வைத்திருக்கிறார்.

இந்த வருடம் சண்டை நின்று பாதை திறந்தபிறகு தலைமன்னாரில் இருந்து ஓர் ஆள் இங்கே வந்தார். எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை என்று சொன்னார். வாப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பமாட்டார். உங்கள் எழுத்தைத்தான் நம்புவார்.

ஆகவே நீங்களே உள்ளதை எழுதுங்கள். வீடு எப்படி இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் எழுதினால் போதும். ஆகஸ்ட் முடிவதற்குள் அவர் கையெழுத்து வைக்கவேண்டும். எனக்கு உங்கள்மேல் கோபம் இருக்கிறது, அதை மறைத்து எழுத வரவில்லை. ஆனால் இப்போது நான் கேட்பது கோபத்தில் இல்லை. என் பிள்ளைகளுக்கு ஒரு தரை வேண்டும்.

இப்படிக்கு,
ஜ. சனூன்

*

தலைமன்னார்.
15.07.2002

தம்பி சனூன்,

உம்முடைய கடிதத்தை மதலேனாவும் வாசித்தா. வாசித்துவிட்டு, "உள்ளதை எழுதுங்கோவன், இன்னும் என்னத்துக்கு அளக்கிறியள்" என்றா. உள்ளதை எழுதுகிறேன். உமக்கு எழுதுவது லேசு. நானாவுக்கு எழுதுவதுதான் ஏலாமல் இருக்கிறது.

வீட்டுக்குக் கூரை இல்லை, வந்த ஆள் சொன்னது சரி. ஓடு, வளைமரம், ஜன்னல், கதவு ஒன்றும் இல்லை. நாலு சுவர் நிற்கிறது. உள்ளே உன்னிப்பற்றை வளர்ந்து, ஆடுகள் படுக்கின்றன. முருங்கை எப்போது விழுந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. கிணறு இருக்கிறது. தண்ணீர் உப்பு. அள்ளாமல் விட்டால் எங்கள் கரைக் கிணறுகள் அப்படித்தான் ஆகும்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. முருங்கைக்குத் தண்ணீர் விட்டேன் என்று முதல் மூன்று கடிதம் எழுதினேனே, அப்போது நான் தலைமன்னாரிலேயே இல்லை. நீங்கள் போய் ஒரு மாதத்தில் நாங்களும் உடுத்த உடுப்போடு ஓடினோம். வள்ளத்தில் அக்கரைக்குப் போய் மண்டபம் அகதி முகாமில் இருந்தோம். அரிசிக்கு வரிசையில் நின்றுகொண்டு, உங்கள் கிணறு இனிக்கிறது என்று எழுதினேன். முதலாவதை எழுதியபோது எப்படியும் ஊர் திரும்புவோம், திரும்பினால் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு இருந்தது. பிறகு அதை நிறுத்த வழி தெரியவில்லை.

1992இல் திரும்பி வந்தோம். என் வீட்டிலும் கதவு இல்லை. உங்கள் வீட்டில் அப்போது கடைசியாக மிஞ்சியிருந்தது குசினிக் கதவு. மற்றவன் எடுக்கமுன் நான் எடுத்தேன். இப்போது என் வாசலில் நிற்கிறது அந்தக் கதவுதான். நானா வந்தால் கழற்றித் தருவோம் என்று மதலேனாவுக்குச் சொல்லித்தான் மாட்டினேன். அதுவும் அவவுக்கு நான் காட்டிய வாய்ச்சாலகம்தான்.

இதையெல்லாம் கோயிலில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமி மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். பொய் எத்தனை வருடம் நடந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடற்கரையில் நான் பெரிய ஆட்களோடு பேசினேன் என்றதும் உண்மைதான், பேசினேன். "உன்ர வேலையைப் பாத்துக்கொண்டு போ" என்றார்கள். இரண்டு கிழமை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ராத்தா எழும்பவில்லை என்றால் என்ன நடக்கும் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. கணக்கில்லாமல் வாயில் வந்ததைச் சொன்னேன். என்னிடம் அப்போது வேறு என்ன இருந்தது?

நானாவுக்கு நாலு தரம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி வருகிறது, 'நானா, நீங்கள் சுகமாக இருக்கவேண்டும்.' இரண்டாவது வரி எழுதப் பார்த்தால் கை பழையபடி கிணற்றுப் பக்கம் போகிறது. என்னால் ஏலாது, தம்பி. இந்தக் கடிதத்தை வேண்டுமானால் அவருக்கு வாசித்துக் காட்டும். அதுவும் கோழைத்தனம்தான். தெரிந்துதான் எழுதுகிறேன்.

லோறன்ஸ்

*

தில்லையடி முகாம்,
புத்தளம்.
24.07.2002

லோறன்ஸ் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை வாப்பாவுக்கு வாசிக்கவில்லை. அது என் வேலை அல்ல.

இனி வாசிக்கவும் தேவை இருக்காது. வாப்பா நேரில் வருகிறார். பாதை திறந்த நாளில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார், நான்தான் பின்போட்டேன். இப்போது றஹீமாவின் மாப்பிள்ளை வேன் வைத்திருக்கிறார். ஆகஸ்ட் மூன்றாம் திகதி சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வருவார், அடுத்த நாள் திரும்புவார்கள். எனக்குப் பரீட்சைக் கடமை, வரமுடியாது.

வாப்பாவுக்கு எழுபத்துநாலு வயது. நெஞ்சு நோவுக்குக் குளிசை குடிக்கிறார். வீட்டைக் கண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். தயவுசெய்து பேச வேண்டாம். ஆறுதலும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். அவர் பார்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், அது போதும்.

குளிசைகள் அவருடைய சட்டையின் இடப்பக்கப் பையில் இருக்கும்.

சனூன்

*

தலைமன்னார்.
04.08.2002, ஞாயிறு

தம்பி சனூன்,

பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். நானா உள்ளே படுத்திருக்கிறார், சுகமாக இருக்கிறார், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இதை உம்முடைய மச்சானின் கையில் இரகசியமாகக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்றுப் பதினொரு மணிபோல் வேன் வந்தது. நீர் கேட்டபடியே நான் ஒன்றும் பேசுவதில்லை என்று முடிவு கட்டி இருந்தேன். "வாங்கோ நானா" மட்டும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் வாசல் கதவைப் பார்த்தார். பிணைச்சலைத் தடவினார். "எண்ணெய் போட்டு வைச்சிருக்கிறாய்" என்றார். மதலேனா உள்ளே போய் அழுதா. நான் வாயைத் திறக்கவில்லை. நம்பமாட்டீர், ஆனால் திறக்கவில்லை.

தேத்தண்ணி குடித்த பிறகு, "வா போவம்" என்றார். கையைப் பிடிக்கப் போனேன், விடவில்லை. முன்னால் நடந்தார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகும் ஒழுங்கைப் பாதை மாறாமல் போனார். வீட்டு வாசல் இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றினார். உள்ளே முழுக்க முள்ளும் ஆட்டுப் புழுக்கையும். கழற்றிவிட்டுத்தான் போனார். ஒவ்வொரு அறையிலும் கொஞ்ச நேரம் நின்றார். ராத்தா தொழுகிற மூலையில் கூடுதலாக நின்றார். அவருடைய சட்டைப் பையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன், குளிசை எடுக்கவேண்டி வருமோ என்று.

பிறகு கிணற்றடிக்குப் போனார். கயிறு இல்லை, வாளி இல்லை. ஓடிப்போய் என் வீட்டில் இருந்து கொண்டுவந்தேன். அவரே அள்ளினார். கையில் ஏந்திக் குடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வாளியை என் பக்கம் தள்ளினார். நானும் குடித்தேன். கடல் தண்ணீர்தான், தம்பி. விழுங்க ஏலவில்லை, விழுங்கினேன்.

அந்த இடத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. "நானா, நான்..." என்று தொடங்கிவிட்டேன்.

"செவுளைக் காட்டு" என்றார்.

பழக்கதோஷம். வாய் தானாக மூடிவிட்டது. அவர் கிணற்றுக் கட்டின்மேல் இருந்துகொண்டு பேசினார். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன், ஒன்றும் கூட்டவில்லை.

"உன்ர முதல் மூண்டு கடிதத்திலயும் இந்திய முத்திரை. மண்டபத்தில இருந்துகொண்டு என்ர கிணத்தில எப்பிடியடா தண்ணி அள்ளினாய்? நான் உறையைக் கிழிச்சு அடுப்பில போட்டுட்டுத்தான் கைருன்னிசாவுக்கு வாசிச்சனான். அவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேப்பாள், தண்ணி எப்பிடியாம் எண்டு. இனிக்குதாம் எண்டு சொல்லுவன். சாகிற அண்டைக்கும் கேட்டவள்."

பிறகு வாளிக் கயிற்றைச் சுருட்டி வைத்தார். நான் வாயை மூடிக்கொண்டே நின்றேன். "சரி" என்று அவர் சொல்லவில்லையே.

"கடற்கரையில நீ வந்து குந்தினாய். ரெண்டு கிழமை எண்டாய். முப்பது வருசம் உன்னட்ட மீன் வாங்கினவன் நான், உன்ர வாயைப் பாத்தாலே தெரியும், அது நாறின மீன். ஆனா நான் அண்டைக்குச் செவுளைக் காட்டு எண்டு கேக்கேல்ல. கேட்டா நீ வாயை மூடியிருப்பாய். நீ வாயை மூடினா அவள் வள்ளத்தில ஏறியிருக்க மாட்டாள். நான் ரெண்டு பிள்ளையளையும் அவளையும் கொண்டு அந்த மணலில என்ன செய்யிறது? அதால வாங்கினனான். செவுள் பாக்காம நான் வாங்கினது அது ஒண்டுதான்."

எனக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. துடைக்கக்கூட இல்லை, அப்படியே நின்றேன். அவர் சட்டைப் பையில் கை விட்டார். குளிசை என்று நினைத்து நான் பாய்ந்தேன். அவர் எடுத்தது ஒரு கடதாசி. உம்முடைய படிவம்தான், நாலாக மடித்திருந்தது. உம்முடைய மேசையில் இருந்து உமக்குத் தெரியாமல் எடுத்து வந்திருக்கிறார்.

"குனி" என்றார்.

குனிந்தேன். முதுகில் கடதாசியை வைத்துப் பேனையை அழுத்தினார். பழைய ஆள்தான், இன்னும் குத்துகிறார். கத்தவில்லை. எழுதி முடித்ததும் தட்டிவிட்டு, "சரி" என்றார்.

வாய் திறக்க விட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி இது: "ராத்தா போய் ரெண்டு வருசம். உங்களுக்கு எல்லாம் தெரியும். பேரப்பிள்ளை ஈரத்தில படுக்குது. இவ்வளவு நாளும் ஏன் நானா கையெழுத்து வைக்கேல்ல?"

"அது ஒண்டைத் தவிரப் பாக்காம நான் ஒண்டும் வாங்கினதில்லை. வீட்டைப் பாக்காம எப்பிடி விடுறது" என்றார். அதற்குப் பிறகு, "அந்தப் பிள்ளையின்ர இழுப்புக்கு நானும் பொறுப்புத்தான்" என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கீழே போனது.

படிவம் அவரிடம் இருக்கிறது. நீர் கேட்கவேண்டாம், அவரே தருவார். கதவைக் கழற்றி வேனில் ஏற்றட்டுமா என்று கேட்டேன். "உன்ர வீட்டுக்குக் கதவு வேணும்தானே" என்றார். மதலேனா வற்புறுத்துகிறா. இதில் யார் சொல்வதைக் கேட்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

நீர் கேட்டபடி நான் பேசாமல்தான் இருந்தேன். அவர்தான் பேசினார்.

லோறன்ஸ்

*

தில்லையடி முகாம்,
புத்தளம்.
13.08.2002

அன்பின் லோறன்ஸ் அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கதவு கிடைக்கவில்லை, அது உங்கள் வாசலில்தான் நிற்கவேண்டும். மதலேனா அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

படிவத்தை வாப்பா திரும்பி வந்த அடுத்த நாள் காலையில் என் மேசையில் வைத்தார். கந்தோரில் கொடுத்துவிட்டேன். கையெழுத்தைச் சுற்றிக் கடதாசி கொஞ்சம் குழிந்திருந்தது. லிகிதர் உயர்த்திப் பார்த்துவிட்டு எதன்மேல் வைத்து எழுதியது என்று கேட்டார். ஒரு சிநேகிதரின் முதுகில் என்றேன். அவர் சிரித்தார். பகிடி என்று நினைத்திருப்பார்.

கொப்பியில் 'ஏமாற்றி' என்பதைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டேன். வெட்டிய இடத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை, "சேர், அது நல்ல சொல்லா கெட்ட சொல்லா" என்று கேட்டது. பிறகு சொல்கிறேன் என்றேன். நாறின மீன் வசனத்தையே உதாரணமாக எழுதியிருக்கிறேன்.

உங்கள்மேல் இருந்த கோபம் முழுக்கப் போய்விட்டது என்று எழுதமாட்டேன். பாதி போய்விட்டது. மீதியை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை, வாப்பாமேல் வைக்க முடியாது.

அன்று அவர்கள் வந்து சேர அஸர் தொழுகை நேரமாகிவிட்டது. மச்சான் தந்த உங்கள் கடிதத்தை வேலியோரம் நின்று வாசித்து முடித்துவிட்டு வந்தேன். வாப்பா குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தார். நாலு பிள்ளைகளும் அவரைச் சுற்றி இருந்தார்கள்.

"மூத்தவாப்பா, எங்கட வீடு எப்பிடி இருக்கு?" என்று மூத்தவள் கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்றார் வாப்பா. "நாலு அறை. உன்ர வாப்பும்மா தொழுகிற மூலை அப்பிடியே இருக்கு. ஓடு கொஞ்சம் மாத்தவேணும்."

"கிணறு?" இழுப்புக்காரன் கேட்டான். அவனுக்கு அந்தக் கிணறு பற்றி எல்லாம் தெரியும், என் உம்மா இருந்தவரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

"நானே அள்ளிக் குடிச்சனான்" என்றார். "கற்கண்டு தோத்துப்போகும்."

பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாப்பாவும் பார்த்தார். உங்கள் கடிதம் என் கையில் இருந்தது, அது யாருடைய எழுத்து என்று அவருக்குத் தெரியும். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.

செவுளைக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை.

அன்புள்ள தம்பி,
சனூன்